முதுகில் நகர்ந்த 3.5 மில்லிமீட்டர்: ஒரு சுயவெளியீட்டு நாவலின் அட்டை சொன்னதும் சொல்லாததும்

"தம்பி, இதை யாரும் பிரிச்சுக்கூடப் பாக்கல. அட்டை சரியில்லைன்னு சொல்றாங்க. அட்டையைப் பாத்து உள்ள இருக்கிறதை எப்படி முடிவு பண்ண முடியும்?"

நாவலை என் மேசையில் வைத்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி இது. நான் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பவன், மெய்ப்பும் பார்ப்பேன், அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துவேன். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலானோர் சொந்தமாக நூல் வெளியிடுபவர்கள், இல்லையென்றால் சிறு பதிப்பகத்தார். இவர் வந்தது இரண்டாம் பதிப்புக்காக. முதல் பதிப்பைத் தன் செலவில், தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் கொண்டுவந்திருந்தார். புது அட்டை போட்டால் போதும் என்பது அவர் எண்ணம்.

நான் ஒன்று கேட்டுக்கொண்டேன். "ஐயா, முதலில் அட்டையை மட்டும் பார்க்கிறேன். உள்ளே என்ன இருக்கும் என்று நினைக்கிறேனோ அதை எழுதிவைக்கிறேன். அப்புறம் முழுசாகப் படிக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்." சம்மதித்தார். அந்த ஒப்பீட்டைத்தான் அவர் அனுமதியோடு இங்கே எழுதுகிறேன். அவர் பெயரும் நாவலின் பெயரும் இதில் வராது.

அட்டையை மட்டும் பார்த்தபோது

முன்னட்டையில் ஒரு பெண். நமக்கு முதுகு காட்டிக் கடலைப் பார்த்து நிற்கிறாள். ஆரஞ்சு நிறத்தில் சூரியன் மறைகிறது. தலைப்பு தங்க நிறத்தில், அதைச் சுற்றி வெள்ளைக் கோடு, பின்னால் நிழல். ஆசிரியர் பெயர் ஓர் எழுத்துருவில், தலைப்பு இன்னொன்றில், 'நாவல்' என்ற சொல் மூன்றாவதில். திரையில் ஒளிர்ந்திருக்கக்கூடிய அந்த ஆரஞ்சு, தாளில் பழுப்பேறி மங்கிக் கிடந்தது. திரைக்கான ஆர்ஜிபி நிறத்தை அச்சுக்கான சிஎம்ஒய்கேவுக்கு மாற்றும்போது என்ன ஆகும் என்று யாரும் பார்க்கவில்லை என்பது தெரிந்தது. கைப்பேசியில் படம் எடுத்துக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கினால் தலைப்பு ஒரு மஞ்சள் கறையாகிவிட்டது.

இருந்தாலும் முன்னட்டையை வைத்து நான் அதிகம் எழுதவில்லை. முன்னட்டை காசு கொடுத்தால் கிடைக்கிற பொருள். படக்களஞ்சியத்தில் ஒரு படத்துக்கு உரிமம் வாங்கலாம், அதே படத்தை இன்னும் பல நூல்கள் வாங்கியிருக்கலாம். படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்த பிறகு அந்தச் செலவும் குறைந்துவிட்டது. முன்பெல்லாம் பளிச்சென்ற முன்னட்டை என்றால் யாரோ பணமும் நேரமும் போட்டிருக்கிறார்கள் என்றாவது எடுத்துக்கொள்ளலாம். இப்போது அந்த அர்த்தமும் இல்லை. அதனால் என் கண் எப்போதும் பின்னட்டைக்கும், இரண்டு அட்டைகளையும் இணைக்கும் முதுகுக்கும்தான் போகும். பின்னட்டைக்கு யாராவது உட்கார்ந்து எழுதியாக வேண்டும். முதுகை யாராவது அளந்தாக வேண்டும்.

பின்னட்டையில் 22 வரிகள், கண்ணை இடுக்கிக்கொண்டு படிக்கவேண்டிய அளவில். கதை முழுவதும் அங்கேயே சொல்லப்பட்டிருந்தது. கடைசியில் "அன்பு, துரோகம், தியாகம் ஆகியவற்றின் வழியே வாழ்வின் பொருளைத் தேடும் இந்த முயற்ச்சி உங்களுக்குள் பெரும் மாற்றத்தை ஏற்ப்படுத்தும்" என்று ஒரு வாக்கியம். அதன் கீழே யார் பெயரும் இல்லை. ஒரே வாக்கியத்தில் ஒரே பிழை இரண்டு முறை. றகர ஒற்றை அடுத்து இன்னொரு ஒற்று வராது. 'முயற்சி', 'ஏற்படுத்தும்' என்றுதான் எழுதவேண்டும். தமிழில் மிகப் பரவலான பிழை இது, எழுதுகிறவர் கண்ணில் படாமல் போவது இயல்பு. ஆனால் மெய்ப்புப் பார்க்கிறவர் எவரும் பழக்கத்தாலேயே முதலில் பிடிப்பதும் இதைத்தான். நூலிலேயே அதிகம் படிக்கப்படுகிற வாக்கியத்தில் அது தப்பியிருக்கிறது என்றால் அந்த வாக்கியம் மெய்ப்புப் பார்க்கிறவர் எவர் கையிலும் படவில்லை.

அடுத்தது முதுகு. இங்கேதான் நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

முதுகுக்குக் கருநீலப் பின்னணி கொடுத்திருந்தார்கள். அந்த நீலம் முதுகை நிரப்பவில்லை. முன்னட்டையின் ஆரஞ்சு ஒரு பக்கமும் பின்னட்டையின் சாம்பல் நிறம் மறுபக்கமும் முதுகின் மேல் ஏறியிருந்தன. அளவுகோலை வைத்துப் பார்த்தேன், இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 3.5 மில்லிமீட்டர். அச்சில் அட்டை கொஞ்சம் நகர்வது சகஜம்தான். ஆனால் நகர்ந்திருந்தால் ஒரு பக்கம் ஏறியது மறுபக்கம் இறங்கியிருக்கும். இரண்டு பக்கமும் ஏறியிருக்கிறது என்றால் முதுகின் அளவே தப்பு.

முதுகின் அகலம் பக்க எண்ணிக்கையிலிருந்து வருவது. அமேசானின் சுயவெளியீட்டுச் சேவையான கேடிபி கொடுக்கும் கணக்குப்படி வெள்ளைத் தாளுக்குப் பக்கத்துக்கு 0.002252 அங்குலம், கிரீம் நிறத் தாளுக்கு 0.0025 அங்குலம். இந்த நாவல் கிரீம் தாளில் 236 பக்கம், முதுகு 0.59 அங்குலம் வரவேண்டும். அட்டையில் இருந்த நீலப்பட்டை 0.45 அங்குலம்தான். திருப்பிக் கணக்குப் போட்டால் 180 பக்கம். ஆக, இந்த அட்டை 180 பக்க நூலுக்காகச் செய்யப்பட்டது. அப்புறம் எங்கிருந்தோ 56 பக்கங்கள் வந்து சேர்ந்திருக்கின்றன.

அதே முதுகில் ஆசிரியர் பெயரின் நடுவே வரும் 'செ' உடைந்திருந்தது. ச முதலில், ஒற்றைக்கொம்பு அதற்குப் பின்னால். தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியாத அமைப்பில் யூனிகோடு எழுத்தைப் போட்டால் இப்படித்தான் வரும். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில், இத்தகைய எழுத்துகளைக் கோக்கும் வேர்ல்ட் ரெடி கம்போசரை இயக்காமல் விட்டாலே போதும். முன்னட்டையில் அதே பெயர் சரியாக இருந்தது. எல்லோரும் பார்க்கிற இடத்தில் திருத்திவிட்டார்கள், முதுகைத் திருப்பிப் பார்க்கவில்லை. ஒரு மனிதர் வருடக்கணக்கில் எழுதிய புத்தகம் அலமாரியில் நிற்கும்போது வெளியே தெரிவது அந்த முதுகு ஒன்றுதான், அதில் அவர் பெயரே தப்பாக நிற்கிறது. எனக்கு மனசு கேட்கவில்லை.

நோட்டில் ஐந்து விஷயங்கள் எழுதினேன். அட்டை முடிந்த பிறகு நாவல் நீண்டிருக்கிறது, நீண்ட பகுதியை யாரும் சரிபார்த்திருக்க மாட்டார்கள். அட்டை செய்தவர் நாவலைப் படிக்கவில்லை. ஆசிரியரைத் தவிர வேறு யாரும் பென்சிலோடு உட்கார்ந்து இதைப் படிக்கவில்லை. பின்னட்டையை எழுதியவர் ஆசிரியரே, அதனால் உள்ளேயும் காட்சியைச் சொல்லிவிட்டு அதற்கு விளக்கமும் சொல்வார். ஐந்தாவதாக, நடை சுமாராக இருக்கும்.

படித்த பிறகு

கதையில் கடலும் இல்லை, கடலைப் பார்க்கும் பெண்ணும் இல்லை. பல மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இயக்கி ஓய்வுபெறும் ஒருவரின் கதை. அட்டை செய்தவருக்குத் தலைப்பு மட்டும்தான் அனுப்பப்பட்டது என்று ஆசிரியரே பிறகு சொன்னார்.

180ஆம் பக்கம் வரை பக்கங்கள் ஒழுங்காக இருந்தன. 181இல் வரிகளின் இடைவெளி நெருங்கியது, பக்க எண் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தது. முடிவு அவசரமாக இருக்கிறது என்று ஒரு நண்பர் சொன்னதால் கடைசி நேரத்தில் நான்கு அத்தியாயங்கள் எழுதிச் சேர்த்திருக்கிறார். அவற்றை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளை வைத்திருக்கும் பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டு, எழுத்து மாற்றும் ஒரு கருவி (மாற்றி) மூலம் யூனிகோடுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்த மாற்றத்தில் தமிழ் தப்பித்தது, நடுவில் ஆங்கில எழுத்தாக இருந்தவை தப்பிக்கவில்லை. லிஃப்டில் தரைத்தளத்துக்கான பொத்தானில் 'ஜி' என்ற ஆங்கில எழுத்து இருக்குமல்லவா, பாமினியில் அந்த விசைக்கு உரிய எழுத்து 'பு'. அதனால் நாவலின் உச்சக்கட்டத்தில், கதாநாயகர் கடைசி முறையாகக் கீழே இறங்கப் போகும் இடத்தில், "நடுங்கும் விரலால் பு பொத்தானை அழுத்தினார்" என்று அச்சாகியிருந்தது. அதற்குப் பிறகும் ஏழு இடங்களில் 'பு'.

நூல் விவரப் பக்கத்தில் இருந்த ஐஎஸ்பிஎன்னை, அதாவது நூலின் அடையாள எண்ணை, பின்னட்டையோடு ஒப்பிட்டேன். பார்கோடுக்குக் கீழே இருந்த எண் சரி. உள்ளே கையால் தட்டச்சிட்டதில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. 13 இலக்கத்தில் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்காகவே இருப்பது. முதல் இலக்கத்தை 1ஆலும் அடுத்ததை 3ஆலும் மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டினால் மொத்தம் 10ஆல் வகுபட வேண்டும். உள்ளே இருந்த எண் வகுபடவில்லை.

முதல் நான்கு ஊகங்களும் சரியாகவே இருந்தன. விளக்கம் சொல்கிற பழக்கமும் அப்படியே: நல்ல காட்சி ஒன்று முடிந்ததும் "இப்படித்தான் வாழ்க்கை மனிதனை…" என்று ஒரு பத்தி தொடங்கும், பின்னட்டையின் அதே குரலில்.

ஐந்தாவது ஊகத்தில் நான் முழுக்கத் தவறிவிட்டேன்.

முதல் அத்தியாயத்தில் லிஃப்டின் கதவு மூடுகிறது. உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் தலை நிமிர்ந்து மாடி எண்ணைப் பார்க்கிறார்கள். இயக்குபவர் மட்டும் குனிந்து அவர்களின் காலணிகளைப் பார்க்கிறார். யார் எந்த மாடியில் இறங்குவார்கள் என்று அவருக்குக் காலணியிலேயே தெரியும். ஒருநாள் ஏழாம் மாடிக்குப் போகும் காலணிகள் ஐந்தாம் மாடியில் இறங்குகின்றன. அவர் எதுவும் கேட்பதில்லை. அடுத்த நாள் தானே ஐந்தை அழுத்துகிறார். இவ்வளவுதான் காட்சி. படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன், உடனே தொடர முடியவில்லை. இப்படிப் பார்க்கத் தெரிந்தவரை அந்தக் கடற்கரைப் பெண்ணும் 22 வரிகளும் ஒளித்துவைத்திருந்தன.

அவர் கேட்ட கேள்விக்கு இங்கேதான் எனக்குப் பதில் கிடைத்தது. அட்டை எழுத்தாளரின் திறமையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. எழுதியவரைத் தவிர வேறு எத்தனை பேரின் கண்ணும் கையும் அந்தப் புத்தகத்தில் பட்டிருக்கின்றன, எந்த வரிசையில் பட்டிருக்கின்றன என்பதைத்தான் சொல்கிறது. வாசகர்கள் 'தரம்' என்ற ஒரே சொல்லில் இரண்டையும் போட்டுவிடுகிறோம்.

இன்னொரு புத்தகம்

இதே நாட்களில் ஒரு சிறு பதிப்பகத்தின் சிறுகதைத் தொகுப்பையும் படித்துக்கொண்டிருந்தேன். அட்டை அபாரம். மேட் லேமினேஷன், தலைப்பு மட்டும் மேலெழும்பி விரலில் தட்டுப்படும், முதுகும் துல்லியம். உள்ளே, பக்கங்கள் பைண்டிங்குக்குள் மூழ்கியிருந்தன. 151 முதல் 300 பக்கம் வரை உள்ள நூலுக்கு உள் ஓரம் குறைந்தது 0.5 அங்குலம் விடச் சொல்கிறது கேடிபி. இதில் அதைவிடக் குறைவு, ஒவ்வொரு வரியின் நுனியையும் படிக்கப் புத்தகத்தைப் பிளக்க வேண்டியிருந்தது. ஒரு கதை முழுவதும் பக்கத் தலைப்பில் வேறு ஏதோ நூலின் பெயர் ஓடியது. பழைய கோப்பின் மேல் புதிய நூலை ஊற்றியிருக்கிறார்கள், தலைப்பை மாற்ற மறந்துவிட்டார்கள்.

அதன் பின்னட்டையைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். முன்னுரையின் முதல் பத்தி அப்படியே இருந்தது, கடைசி வாக்கியம் பாதியில் மூன்று புள்ளிகளோடு நின்றது. பின்னட்டைக்கென்று யாரும் ஒரு வரி எழுதவில்லை. நான் அதை முதலிலேயே கவனித்திருக்க வேண்டும். முன்னட்டை மேல் விரல் ஓட்டிக்கொண்டிருந்ததில் கவனிக்கவில்லை.

சிறு பதிப்பகம் என்றாலே அட்டைக்குச் செலவிட வேண்டும் என்று ஒரு பதற்றம் இருக்கிறது. படமே இல்லாத அட்டைகளின் வரலாறு அந்தப் பதற்றத்துக்கு நல்ல மருந்து. பிரான்சின் காலிமார் பதிப்பகம் 1911இலிருந்து தன் 'பிளாஞ்ச்' வரிசையை கிரீம் நிற அட்டையில், கறுப்பு சிவப்புக் கோடுகளுக்குள் தலைப்பை வைத்து வெளியிடுகிறது. 1935இல் தொடங்கிய பெங்குவின் பதிப்பகம் மூன்று பட்டைகளோடு நிறுத்திக்கொண்டது, ஆரஞ்சு என்றால் புனைவு, பச்சை என்றால் துப்பறியும் கதை. லண்டனில் 2014இல் தொடங்கிய ஃபிட்ஸ்காரால்டோ எடிஷன்ஸ் சிறிய பதிப்பகம். நீலமும் வெள்ளையும் தவிர அதன் அட்டையில் வேறொன்றும் கிடையாது. அது வெளியிட்ட எழுத்தாளர்களான ஆனி எர்னோவுக்கு 2022இலும் யோன் ஃபோஸ்ஸேவுக்கு 2023இலும் நோபல் பரிசு கிடைத்தது. இவர்கள் எல்லோரும் அட்டை எப்படி இருக்கவேண்டும் என்று ஒருமுறை உட்கார்ந்து முடிவெடுத்துவிட்டு, மிச்ச நேரத்தை உள்ளே செலவிடுகிறார்கள்.

1947இல் பெங்குவினின் வடிவமைப்பைச் சீர்செய்ய அச்சு வடிவமைப்பாளர் யான் சிகோல்ட் வந்தார். அட்டைகளை அவர் எவ்வளவு அழகாக்கினார் என்று எல்லோரும் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது, அச்சுக்கோப்பவர்களுக்காக அவர் எழுதிக்கொடுத்த விதிகள். சொற்களுக்கு இடையே எவ்வளவு இடம், நிறுத்தக்குறிக்குப் பக்கத்தில் எவ்வளவு இடம் என்பது வரை அதில் இருந்தது. அட்டையைத் திருத்த வந்தவர் உள்பக்கத்தின் காற்புள்ளி வரை போனார்.

சொந்தமாக வெளியிடுவதாலேயே தரம் குறையும் என்றும் இல்லை. அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் 1855இல் தன் கவிதைத் தொகுப்பைத் தானே வெளியிட்டார். பச்சைத் துணி அட்டையில் அவர் பெயர்கூட இல்லை. ஆனால் அவர் அச்சுத் தொழில் தெரிந்தவர், அச்சுக்கோப்பில் ஒரு பகுதியைத் தன் கையாலேயே செய்தார். கூட ஆள் இல்லாதபோது அந்த வேலைகளைத் தானே கற்றுச் செய்வது ஒரு வழி. அந்த வேலைகள் இருக்கின்றன என்பதே தெரியாமல் போவதில்தான் சிக்கல்.

இரண்டாம் பதிப்பு

ஒப்பீட்டைக் காட்டியதும் அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்த 'பு'வை நான் எத்தனையோ தடவை படிச்சிருக்கேன் தம்பி. எனக்கு அது 'ஜி'ன்னுதான் தெரிஞ்சுது" என்றார். தன் எழுத்தை மனம் சரியாகவே படித்துவிடும். இன்னொருவர் படிக்கவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

வேலையின் வரிசையை மாற்றினோம். அட்டை கடைசிக்குப் போனது. ஆனால் பின்னட்டைக் குறிப்பை மட்டும் முதலில் எழுதச் சொன்னேன், ஐந்து வரிக்குள். யார், அவருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது என்பது மட்டும் இருக்கலாம். 'அன்பு', 'வாழ்க்கை' என்ற சொற்கள் வரக்கூடாது. மூன்று முறை எழுதிக் கிழித்தார். நான்காவது முறை காலணியில் தொடங்கி ஐந்தாம் மாடியில் முடித்துக் கொண்டுவந்தார். நன்றாக இருந்தது.

நான் எதிர்பார்க்காதது அதற்குப் பிறகு நடந்தது. ஒரு வாரம் கழித்து வந்து, நாவலில் இருந்த விளக்கப் பத்திகளில் பெரும்பாலானவற்றை அவரே அடித்துவிட்டதாகச் சொன்னார். "பின்னட்டையில எழுதக்கூடாதுன்னு சொன்னதை உள்ள மட்டும் ஏன் எழுதணும்?" என்று கேட்டார். நான் அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன், அவசியமே வரவில்லை. பின்னட்டையைச் சுருக்கி எழுதியதே அவருக்குச் செம்மையாக்கப் பயிற்சியாகிவிட்டது.

தோழி ஒருவர் செம்மைப்படுத்தினார், நான் மெய்ப்புப் பார்த்தேன். கடைசி நான்கு அத்தியாயங்களை மாற்றியை நம்பாமல் புதிதாகத் தட்டச்சிட்டோம். பக்கம் 204இல் நின்றது. அதை உறுதிசெய்த பிறகே 0.51 அங்குல முதுகு அளவோடு வடிவமைப்பாளரிடம் கொடுத்தோம், முழு நாவலோடு. அவர் படித்துவிட்டு, கதவிடுக்கிலிருந்து விழும் ஒளிக்கோட்டில் ஒரு ஜோடி காலணி என்று ஓவியம் அனுப்பினார். எழுத்துரு ஒன்றே ஒன்று. சுருக்கிப் பார்த்தாலும் தலைப்பு தெரிந்தது.

மின்னூல் வாசகர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. அங்கே முதுகு இல்லை, பின்னட்டை இல்லை. ஒரு சிறு படமும் மாதிரிப் பக்கங்களும்தான். கிண்டிலில் மாதிரி என்பது பொதுவாக முதல் 10 சதவீதம். எந்த எழுத்தாளரும் அதிகம் தேய்த்து மெருகேற்றும் பகுதி அது. இந்த நாவலின் முதல் பதிப்பில்கூட முதல் 10 சதவீதத்தில் குறையே இல்லை. அச்சு நூலைக் கையில் எடுப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முன்னட்டையை விடுங்கள். பின்னட்டையை மெதுவாகப் படியுங்கள், முதுகைப் பாருங்கள், நூல் விவரப் பக்கத்தைப் புரட்டுங்கள், அப்புறம் கடைசி மூன்றில் ஒரு பகுதியில் எங்காவது திறந்து இரண்டு பக்கம் படியுங்கள். பாதி நூல் தாண்டியும் யாரோ கவனித்திருக்கிறார்களா என்பது அங்கே தெரியும். அதற்குப் பிறகும் முதல் அத்தியாயத்துக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள். நான் அன்று கொடுக்காமல் இருந்திருந்தால் அந்த ஐந்தாம் மாடியைத் தவறவிட்டிருப்பேன்.

மெய்ப்புப் பிரதி வந்த அன்று இருவரும் சேர்ந்து உறையைப் பிரித்தோம். அவர் முன்னட்டையைப் பார்க்கவில்லை. முதுகைத் திருப்பி, தன் பெயரில் இருந்த 'செ' மேல் விரலை வைத்துப் பார்த்தார். அப்புறம் கடைசி அத்தியாயங்களைத் திறந்து வாய்க்குள் முணுமுணுத்தபடி படிக்க ஆரம்பித்தார். 186ஆம் பக்கத்தில் நிறுத்தி என் பென்சிலைக் கேட்டு வாங்கினார். ஒரு 'ஏற்ப்படுத்தும்' அங்கே ஒளிந்திருந்தது. தோழி, நான் என இரண்டு பேர் கண்ணுக்கும் தப்பியதை அவர் வட்டமிட்டார்.